தொண்டையில் ஒரு 'டக்'

(இலஞ்சியில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாரல் நேரத்தில் இலஞ்சியில் கூட்டம் போட்டால் பேசுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்கிறவர்களின் பாதி மனசு ஐந்தருவியில் இருக்கும். மீதிப் பாதி மதியச் சாப்பாட்டில் இருக்கும். அது தெரிந்துதான் செயலாளர் அண்ணாச்சி எனக்குத் தலைப்பையும் தந்துவிட்டார். "வேலை வாய்ப்பு, சொந்தத் தொழில் எல்லாம் மத்தவங்க பேசுதாங்க. நீ உன் தொண்டையைப் பத்திப் பேசு" என்றார். சிரிக்கிறீர்கள். என் வகுப்புத் தோழர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் எச்சில் விழுங்கினால் என் தொண்டையில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஏழு வருஷமாக வருகிறது. இன்றைக்கும் வருகிறது. இந்த மைக்கைக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழுங்கினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

இதை ஏன் மேடையில் பேச வேண்டும்? உடம்பில் காரணம் தெரியாத சத்தம் ஒன்று வந்தால் நம் வீடுகளில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, வெளியே தெரியாமல் மறைக்கிறார்கள். இல்லையென்றால், எதையாவது செய்து அதை உடனே நிறுத்தப் பார்க்கிறார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். ரிங் ஃபிரேமில் ஒரு புதுச் சத்தம் வந்தால் எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சி உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை பேரிங் வீட்டின் மேல் வைப்பார். பிடியைக் காதோடு சேர்த்து வைப்பார். ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போவார். சத்தம் பிறக்கும் இடம் தெரிந்த பிறகுதான் கழற்றலாமா, கிரீஸ் வைக்கலாமா, அடுத்த பராமரிப்பு நாள் வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிடலாமா என்ற பேச்சே வரும். என் தொண்டை விஷயத்தில் நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். முதலில் இடம் தெரிய வேண்டும். வைத்தியம் அதற்கு அப்புறம்.

எனக்கு இது வந்தது 29 வயதில். வலி இல்லை, அடைப்பு இல்லை. வலப்பக்கம் மட்டும் ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி வழுக்கி இறங்குகிற மாதிரி ஒரு உணர்ச்சி, கூடவே அந்தச் சத்தம். சோறு விழுங்கும்போது குறைவு. வெறும் எச்சில் விழுங்கும்போது அதிகம். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு படுத்தால் இன்னும் பலமாகக் கேட்கும். நம் உடம்புக்குள் பிறக்கும் சத்தம் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. எலும்பு வழியாகவும் நேராக வருகிறது. அதனால் பக்கத்தில் இருப்பவருக்குப் பென்சில் தட்டுகிற மாதிரி கேட்பது நமக்குச் சுத்தியல் அடிக்கிற மாதிரி இருக்கும்.

என் தங்கைக்கு நிச்சயம் பேச எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். தேதி பேசும் நேரத்தில் நான் எச்சில் விழுங்கினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சுவரை அண்ணாந்து பார்த்து, "பல்லி சொல்லிட்டு! அந்தத் தேதியையே வச்சுக்கிடுவோம்" என்றார். எங்கள் ஆச்சி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தங்கை நன்றாக இருக்கிறாள். பல்லியின் வாக்குப் பொய்க்கவில்லை!

இன்றைக்கு இதைச் சொல்லிச் சிரிக்கலாம். அந்த நாட்களில் பந்தியில் நடு இலையில் உட்கார எனக்கு மனம் வராது. கடைசி இலையாகப் பார்த்து உட்காருவேன். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் பேசும்போது எச்சிலை அடக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அப்படி அடக்கி வைத்து விழுங்கினால் சத்தம் இன்னும் பெரிதாக வரும். இணைந்து வாழும் மனிதர்கள் நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற காரியங்களில் முதன்மையானது சாப்பிடுவது. அதற்கே கூச்சம் வந்துவிட்டால் மனிதன் மெல்ல மெல்லத் தனியாகிப் போகிறான். வலி இல்லாத ஒரு சத்தம் இவ்வளவு வேலை செய்யும்.

ஆலோசனைக்குப் பஞ்சம் இல்லை. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுச் சுவைக்கச் சொன்னார்கள். சுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன், தொண்டைக்கு இதமாக இருந்தது, சத்தம் போகவில்லை. மெயினருவியில் கழுத்தைக் காட்டி நின்றால் எல்லாம் 'செட்' ஆகிவிடும் என்றார் ஒருவர். மனசுக்குள் இருந்த பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தொண்டை என்றாலே நம் ஊரில் எல்லோருக்கும் நினைவு வருவது புற்றுநோய்தானே?

எனக்குப் பெண் பார்த்தபோது, "இதைப் பொண்ணு வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காதே" என்று வீட்டில் சொன்னார்கள். நான் பெண்ணிடமே நேரில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதா?" என்பதுதான். இரண்டு வருஷமாக எனக்கு ஆலோசனை சொன்ன அத்தனை பேரில் யாரும் கேட்காத கேள்வி அது. இரண்டாவது கேள்வி, "டாக்டர்ட்ட காட்டினீங்களா?" ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தேன், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார். "ஒண்ணும் இல்லைன்னா சத்தம் எப்படி வரும்?" என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பொறியியல் படிக்காதவர். ஆனால் கேள்வி பொறியாளருடையது. கல்யாணம் முடிந்து காது மூக்கு தொண்டை நிபுணரிடம் என்னை அழைத்துப் போனவரும் அவர்தான்.

நண்பர்களே, இனி அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லோரும் கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரலை மெதுவாக வைத்து எச்சிலை விழுங்குங்கள். கெட்டியாக ஒன்று மேலே ஏறி இறங்குகிறதா? நம் ஊரில் 'சங்கு' என்போமே, அதுதான். மருத்துவத்தில் தைராய்டு குருத்தெலும்பு என்று பெயர். தைராய்டு சுரப்பி வேறு. அது இதற்குக் கீழே இருக்கிறது. இந்தக் குருத்தெலும்பு, பாதி திறந்த புத்தகத்தை முதுகு முன்னால் தெரிய நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். பின்பக்க ஓரங்களிலிருந்து மேல்நோக்கி இரண்டு கொம்பு, கீழ்நோக்கி இரண்டு கொம்பு நீண்டிருக்கும்.

அதற்கு மேலே, தாடைக்கு அடியில், குதிரை லாடம் மாதிரி ஒரு சின்ன எலும்பு. நாவடி எலும்பு என்பார்கள். வேறு எந்த எலும்போடும் இது மூட்டுப் போட்டுச் சேர்வதில்லை. தசைகளிலும் நாண்களிலும் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. லாடத்தின் இரண்டு முனைகளுக்கும் 'பெரிய கொம்பு' என்று பெயர். சங்கின் மேல் கொம்பும் லாடத்தின் பெரிய கொம்பும் இரண்டு பக்கமும் ஒரு நாணால் இணைந்திருக்கின்றன.

விழுங்கும்போது என்ன நடக்கிறது? தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். சோறு முன்குழாயில் போனால் புரையேறும். அதனால் விழுங்கும் அந்த நேரத்துக்கு மூச்சு நிற்கிறது. குரல்வளை முழுவதும் சுமார் 2 சென்டிமீட்டர் மேலேறி முன்னால் நகர்கிறது. குரல்வளை மூடி கவிழ்கிறது. உணவுக்குழாயின் வாசலில் இறுகியிருக்கும் தசை தளர்ந்து வழி விடுகிறது. தொண்டைக்குள் நடக்கும் இந்தக் காரியம் முழுவதும் சுமார் ஒரு விநாடி. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள், மூளையிலிருந்து நேராக வரும் ஐந்து ஜோடி நரம்புகள் சேர்ந்து செய்கின்றன. ஒரு நாளைக்குச் சில நூறு முறை நடக்கிறது, தூக்கத்தில்கூட நடக்கிறது. எந்த மில்லில் இப்படி ஒரு மெஷின் லீவு இல்லாமல் ஓடுகிறது?

தமிழில் 'மிடறு' என்றால் தொண்டை. ஒரு தடவை விழுங்கும் அளவுக்கும் அதே சொல்தான். 'ஒரு மிடறு தண்ணீர்' என்கிறோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்தொலி பிறக்கும் எட்டு இடங்களைச் சொல்கிறது. அவற்றில் மிடறும் ஒன்று. சத்தம் என்றால் அதற்கு ஒரு பிறப்பிடம் இருக்கும் என்பது நம் இலக்கணக்காரர்களுக்கு அன்றைக்கே தெரிந்த சங்கதி!

இப்போது என் 'டக்'கிற்கு வருவோம். இரண்டு பாகங்கள் மிதந்தபடி ஒன்றையொன்று கடந்து போகின்றன என்றால் நடுவில் இடைவெளி வேண்டும். நாம் 'கிளியரன்ஸ்' என்போம். ஒரு கொம்பு கொஞ்சம் நீளமாக இருந்தாலோ, உள்பக்கம் சாய்ந்திருந்தாலோ அந்த இடைவெளி போய்விடும். அப்போது ஒன்று மற்றொன்றின் மேல் உரசித் தாண்டி இறங்கும். அந்தத் தாண்டலில் வருவதுதான் சத்தம். மருத்துவர்கள் இதைச் 'சொடுக்கும் குரல்வளை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'கிளிக்கிங் லாரிங்ஸ்' என்கிறார்கள். அபூர்வமானது என்றாலும் அறியப்பட்டதுதான்.

ஆனால் தொண்டையில் சத்தம் என்றால் எல்லாமே இது இல்லை. பிறக்கும் இடம் பல. சங்கின் கொம்பும் நாவடி எலும்பின் கொம்பும் உரசலாம். இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும் கழுத்து முதுகெலும்பில் உரசலாம். வயதானவர்களுக்கு அந்த எலும்பின் முன்பக்கம் முளை வளர்ந்திருந்தால் இது நடக்கலாம். கழுத்தில் அடிபட்ட பிறகும், சில அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரலாம். இன்னொன்று, காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசி போல் இறங்கும் எலும்பு. ஸ்டைலாய்டு என்று பெயர். சாதாரணமாக அது சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். 30-க்கு மேல் போனால் நீண்டது என்று கணக்கு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த வாட் ஈகிள் என்ற மருத்துவர் 1937-ல் இதனால் வரும் தொண்டை வலி, காது வலி, விழுங்கும்போது உறுத்தல் ஆகியவற்றை விவரித்தார். அவர் பெயராலேயே அதை ஈகிள் நோய்க்குறி என்கிறோம். அந்த எலும்பு நீண்டிருக்கும் பலருக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை தவிர, விழுங்கும்போது காதுக்குள் மெல்லிசாக ஒரு 'டிக்' கேட்டால் அது காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் திறக்கும் சத்தம், எல்லோருக்கும் உண்டு. மெல்லும்போது மட்டும் வந்தால் தாடை மூட்டாக இருக்கலாம். விழுங்காமலே கடிகாரம் மாதிரி தாளத்தோடு வந்தால் மேலண்ணத் தசையின் துடிப்பாக இருக்கலாம். அதற்கு நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாருங்கள், கேட்கிற காதுக்கு எல்லாம் ஒரே 'டக்'. இடம் வேறு, வைத்தியம் வேறு.

இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் நம் இனத்தாரின் கை நிறைய இருக்கிறது. நம் இனம் என்றால் மருத்துவர் அல்லாதவர்கள்! உயிருள்ள மனிதனின் குரல்நாண் அசைவதைக் கண்ணாடி வைத்துத் தெளிவாகப் பார்த்து விவரித்தவர் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் வைத்தியர் கண்ணாடி ஒன்றையும் கைக்கண்ணாடி ஒன்றையும் சூரிய ஒளியில் பிடித்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். வளையும் கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படம் அனுப்பலாம் என்று ஹாப்கின்ஸுடன் சேர்ந்து 1954-ல் காட்டியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இயற்பியலாளர். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்க்கிறார்களே, அது இந்த வழியில் வந்த கருவி. சி.டி. ஸ்கேனை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, ஈ.எம்.ஐ. கம்பெனியின் மின்பொறியாளர். படித்தது டிப்ளமா. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை அந்தக் கருவியில் படமானது. 1979-ல் ஆலன் கோர்மாக்குடன் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். டிப்ளமா முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்த தம்பிகள் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

என்னைப் பார்த்த நிபுணர் முதலில் கருவி எதையும் தொடவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்து, "முழுங்குங்க" என்றார். 'டக்' என்றது. சங்கை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப முழுங்குங்க" என்றார். சத்தம் இல்லை! விட்டார், மறுபடி 'டக்'. எங்கள் ஃபிட்டர் அண்ணாச்சியின் ஸ்குரூ டிரைவர் எனக்கு ஞாபகம் வந்தது. பிறகு மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். கட்டி இல்லை, புண் இல்லை, குரல்நாண் இரண்டும் நன்றாக அசைகின்றன என்று திரையில் காட்டினார். இரண்டு வருஷப் பயம் அந்தத் திரையில் தீர்ந்தது. கடைசியில் கழுத்துக்கு சி.டி. ஸ்கேன். மெல்லிய சீவல் சீவலாக எடுத்ததைக் கம்ப்யூட்டர் முப்பரிமாணமாக்கியது. வலப்பக்க மேல் கொம்பு உள்பக்கம் சாய்ந்து, நாவடி எலும்பின் கொம்புக்கு மிக அருகில் நின்றது. இடப்பக்கம் நல்ல இடைவெளி. வரைபடம் படித்தவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

சரி, என்ன செய்வது? வழிகள் மூன்று என்றார். முதலாவது, ஆபத்து இல்லை என்று தெரிந்துகொண்டு அப்படியே விடுவது. இரண்டாவது, விழுங்கும் பழக்கத்தையும் கழுத்துத் தசையின் இறுக்கத்தையும் பயிற்சியால் சரிசெய்து பார்ப்பது. மூன்றாவது, அறுவை. மயக்க மருந்து கொடுத்து, கழுத்து மடிப்பில் சின்னதாகக் கீறி, உரசும் கொம்பின் முனையை மட்டும் எடுத்துவிடுவது. உலக மருத்துவ இதழ்களில் வந்திருப்பவை ஒருவர், இருவர், சிலர் என்ற சிறிய பதிவுகள்தான்; அவற்றில் பெரும்பாலோருக்குச் சத்தம் நின்றிருக்கிறது. ஆனால் அந்தக் கொம்பின் பக்கத்திலேயே குரல்வளைக்குப் போகும் மேல் நரம்பு ஓடுகிறது. ஒரு கிளை உணர்ச்சிக்கு. அது கெட்டால் புரையேறும். இன்னொரு கிளை குரலின் உச்சத்துக்கு. அது கெட்டால் குரலை உயர்த்த முடியாது. திறமையான கையில் அபாயம் குறைவு. குறைவு என்றால் பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை என்பது நமக்குத் தெரியும்.

அன்றைக்கு அதே வரவேற்பறையில் கடையநல்லூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கும் விழுங்கினால் சத்தம். ஆனால் கூடவே வலி. காது வரைக்கும் இழுக்கும். சோறு விழுங்கப் பயந்து கஞ்சியாகக் குடித்து மெலிந்திருந்தார். ஸ்கேனில் இடப்பக்க ஸ்டைலாய்டு எலும்பு நீண்டிருந்தது. அவர் அறுவை செய்துகொண்டார். பிறகு ஒருநாள் பார்த்தபோது, "பரோட்டா சாப்பிட்டேன் தம்பி!" என்றார். அவருக்கு அதுதான் சரி. நான் செய்துகொள்ளவில்லை. எனக்கு வலி இல்லை, எடை குறையவில்லை. மில் சத்தத்தில் குரலை உயர்த்திப் பேசுவது என் பிழைப்பு. வலி வந்தாலோ விழுங்கச் சிரமம் வந்தாலோ மறுபடி யோசிக்கலாம் என்று நிபுணரும் நானும் பேசி முடிவு செய்தோம். அப்படியே விடுவதும் ஒரு சிகிச்சைதான். இடம் தெரிந்த பிறகு விடுகிற பட்சத்தில்.

பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்ன முதல் விஷயம், "சத்தம் வருதான்னு முழுங்கி முழுங்கிப் பாக்கிறதை நிறுத்துங்க." உண்மைதான். நாக்கு பல் இடுக்கைத் தேடிப் போவது போல, தொண்டை தானாகவே சோதனை போட்டுக்கொண்டிருந்தது. வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கினால் தசை இன்னும் இறுகும். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு சிறு மிடறாகக் குடிக்கச் சொன்னார். தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடச் சொன்னார். தாடை, தோள், கழுத்தைத் தளர்த்தும் பயிற்சி சொல்லித்தந்தார். தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பி விழுங்கிப் பார்க்கச் சொன்னார்; எனக்கு வலப்பக்கம் திருப்பினால் சத்தம் குறைகிறது. கொம்பு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் உரசல் குறைந்திருக்கிறது. எனக்கு உதவியது எல்லோருக்கும் உதவும் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவர் கழுத்தின் அளவு வேறு.

குற்றாலத்துக்கு வந்திருப்பதால் ஒரு எச்சரிக்கை. அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், உடம்புக்குச் சுகம். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள், சலூனிலும்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கழுத்தெலும்பின் ஊடாக ஏறுகின்றன. வேகமாகத் திருகியதில் அவற்றின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த பதிவுகள் மருத்துவத்தில் உண்டு. தொண்டைச் சத்தத்துக்குக் கழுத்தைத் திருகுவது வைத்தியமே அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சத்தம் மட்டும் இருந்தால் நிதானமாகப் போகலாம். கூடவே விழுங்கச் சிரமம், விழுங்கும்போது வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், ஒரு பக்கக் காது வலி, இதில் எது இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை, பாக்கெட்டில் விற்கிற மெல்லும் சமாச்சாரம், மது இவை பழக்கமானவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். தென்காசி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி, நம் ஜனங்கள் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்று சொல்வது, அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

போகும்போது குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எச்சிலிலா சோற்றிலா தண்ணீரிலா, வலி உண்டா, கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினால் மாறுகிறது, முன்பு அடிபட்டதுண்டா. லாக் புக் எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய காரியமா? ஐந்து வரி எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்குக் கிடைக்கிற ஐந்து நிமிஷம் பயன்படும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. விடுதி மெஸ்ஸில் யாராவது ஒருவர் தினமும் எல்லோரும் போன பிறகு தனியாக வந்து சாப்பிட்டால், அவருக்கு என்னவோ இருக்கிறது. திக்குவாயாக இருக்கலாம், கை நடுக்கமாக இருக்கலாம், என் மாதிரி ஒரு சத்தமாக இருக்கலாம். அதைச் செய்து காட்டிச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் தட்டை வைத்து உட்காருங்கள். முடிந்தால், "வலிக்குதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியும்.

இப்படி ஏதாவது உங்களுக்கே இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "என் தொண்டையில ஒரு எலும்பு உரசும், சத்தம் வரும், நோய் இல்லை." ஒரு நிமிஷம் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். நான் பந்தியில் நடு இலைக்கு வந்தது அறுவையால் அல்ல. அந்த ஒரு வாக்கியத்தால்தான். ஸ்கேன் படம் கையில் இல்லாமல் அந்த வாக்கியத்தை என்னால் சொல்லியிருக்க முடியாது.

கீழே இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் அண்ணாச்சி ஜாடை காட்டுகிறார். சொதியும் இஞ்சித் துவையலும் உண்டாம். எல்லோரும் சேர்ந்து உட்காருவோம். பக்கத்து இலையில் 'டக்' என்று கேட்டால் பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்க்க வேண்டாம்; நான்தான்.